பதினேழாவது பாரம்

— இதுல யாராவது சாகறாங்களா?

— பிரெஞ்சு நாவல்மா. யாராவது சாகாம இருக்காங்களான்னு கேளு.

— லீவுக்குப் படிக்க எடுக்கறேங்க. எட்டு நாள். கடலுக்கு எதிர்ல உக்காந்துட்டு அழணுமா நான்?

— அப்ப அந்தப் பச்சை அட்டையை எடுத்துக்க. அதுல கடைசியில எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறாங்க.

— கடைசியில என்ன ஆகுதுன்னு நான் கேட்டேனா?

— நீதானே சாவு இருக்கான்னு...

— இருக்கு, இல்ல. அவ்வளவுதான் பதில். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது. முடிவைப் போட்டு உடைக்கறதே வேலையாப் போச்சு உங்களுக்கு.

— நான் என்னம்மா பண்றது? புத்தகம் தைக்கறவன் கைக்குக் கடைசி பாரம், கடைசிப் பதினாறு பக்க மடிப்புதான் முதல்ல வரும். தையல் சட்டத்துல அதை வச்சு முதல் தையல். அதுக்கு மேல முந்தினது. அதுக்கு மேல அதுக்கும் முந்தினது...

— ஊரு உலகமெல்லாம் முன்னாடியிருந்து படிச்சா, இவரு மட்டும் பின்னாடியிருந்து பதினாறு பதினாறு பக்கமா படிச்சுட்டு வருவாரு.

— பொழைப்பு அப்படி. எனக்குத் தெரிஞ்ச காதல் கதையில எல்லாம் முதல்ல பிரிஞ்சுடுவாங்க. அப்புறம் சண்டை போடுவாங்க. அப்புறம் சந்தோஷமா இருப்பாங்க. கடைசியில பாத்தா, ஒருத்தரை ஒருத்தர் யாருன்னே தெரியாது.

— ஹும்... நம்ம கதையையும் அப்படியே தைச்சு வச்சிருக்கீங்களா?

— நம்ம கதையில இன்னும் கடைசி பாரம் அச்சாகலை. நீ இந்த நீல அட்டையைப் பாரு. ஒரு தோட்டக்காரன், ஒரு விதவை, நடுவுல ஒரு பூசணிக்கொடி. ஜாலியா இருக்கும்.

— பூசணிக்கொடியா! நாள் பூரா அடுத்தவங்க விலா எலும்பைப் பாத்துட்டு இருக்கேன். எக்ஸ்ரே ரூமை விட்டு வருஷத்துக்கு எட்டு நாள் வெளிய வர்றேன். எனக்கு பூசணிக்கொடியா?

— அப்ப இந்தக் குட்டி புத்தகம். நூத்தி இருபது பக்கம். பையில கனமே தெரியாது.

— இதுல என்ன ஆகுது?

— ஒருத்தன் காபி குடிக்கிறான்.

— அப்புறம்?

— இன்னொரு காபி சொல்றான்.

— அவ்வளவுதானா?

— நடுவுல மழை பெய்யுது. பிரெஞ்சுக்காரங்களுக்கு அது போதும்மா.

— வையுங்க அதை. நான் ஒண்ணு கவனிச்சுட்டே இருக்கேன். சோகமா முடியற ஒரு புத்தகத்தையும் நீங்க என் கையில கொடுக்க மாட்டேங்கறீங்க. முன்னெல்லாம் இப்படிக் கிடையாது. கையில கிடைச்சதைத் தூக்கிப் போடுவீங்க. போன லீவுல இருந்துதான் இந்த வியாதி.

— வியாதி என்ன வியாதி... லீவுக்குப் போறவ சிரிச்சுட்டு வரட்டுமேன்னு ஒரு நல்ல எண்ணம்.

— சரி, நல்ல எண்ணமாவே இருக்கட்டும். நூலகத்துல இருந்து தைக்க வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்புக் கட்டு மொத்தமும் இதுதானா?

— இதுதான். பதினேழு.

— கண்ணாடிக்காரம்மா பதினெட்டுன்னாங்க.

— எந்தக் கண்ணாடிக்காரம்மா?

— நூலகத்துல நமக்கு எத்தனை கண்ணாடிக்காரம்மாவைத் தெரியும்? நேத்து முட்டி எக்ஸ்ரே எடுக்க வந்தாங்க. மேஜையில படுத்துட்டே சொன்னாங்க. பதினெட்டு அனுப்பியிருக்கேன், உனக்கு வேண்டியதை லீவுக்கு எடுத்துட்டுப் போம்மா, வந்து கொடுன்னு.

— அவங்களுக்கு முட்டியில வலி. எண்ணிக்கை தப்பியிருக்கும்.

— முட்டியாலயா எண்ணுவாங்க? தலைப்போட சொன்னாங்க. "மாவு படிந்த ஜன்னல்". போன வருஷம் நான் எடுத்துட்டுப் போனது. இந்த வருஷம் மட்டும் அதை முப்பத்தோரு பேர் எடுத்துப் படிச்சாங்களாம். முதுகு கிழிஞ்சு உங்ககிட்டயே திரும்பி வந்திருக்கு.

— முப்பத்தோரு பேரா!

— ஏன், அதுக்கு ஏன் முகம் இப்படி வெளிறிப் போகுது?

— இல்ல... சந்தோஷம்தான். நான் தைச்சதாச்சே.

— அதை எடுங்க. இந்தத் தடவையும் அதையே படிக்கப் போறேன்.

— படிச்சதையே யாராவது படிப்பாங்களா? பதினேழு புதுசு இருக்கு. இந்தா, பாரு, இதுல ஒரு டாக்டர் வர்றாரு...

— என்னங்க.

— ம்?

— கொஞ்சம் எந்திரிங்க.

— எதுக்கு?

— அரை மணி நேரமா பாக்கறேன். பசை எடுக்க எந்திரிக்கலை. கதவைத் தட்டினாங்க, நான்தான் போய்த் திறந்தேன். தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கறீங்க. அந்த முக்காலி மேல அடைகாக்கறீங்களா?

— இடுப்பு பிடிச்சிருக்கும்மா...

— இடுப்பா? வாங்க, ஒரு படம் எடுத்துடலாம். அப்படியே கீழ என்ன இருக்குன்னும் தெரிஞ்சுடும்.

— படமெல்லாம் எதுக்கும்மா...

— எந்திரிங்கன்னா!

— ...சரி. இந்தா. சட்டத்துல ஏத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் கனம் வச்சு அழுத்தணும்னு உக்காந்திருந்தேன்.

— பக்கத்துல இரும்பு அழுத்தி இருக்கு. அதை விட்டுட்டு நீங்க உக்காந்து அழுத்தறீங்க.

— அதுல ஆய்வேடு இருக்கு.

— வாயைத் திறந்தா கதை. சரி, இருக்கட்டும். இந்த புத்தகத்தோட முடிவு இருக்கே... நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?

— எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்றே?

— ஏன் சொல்லக்கூடாது? பதினாறு பாரம் முழுக்க ரொட்டி சுட்டுட்டு இருக்கான் மனுஷன். பொண்டாட்டி ஒரு வாரம் கடலைப் பாத்துட்டு வர்றேன்னு கிளம்பிப் போறா. இவன் மாவு பிசையறான், அடுப்பு மூட்டறான், கடையைத் திறக்கறான். திடீர்னு கடைசி பாரத்துல பாத்தா கலங்கரை விளக்குப் படியில ஏறிட்டு இருக்கான்!

— ஆமா. அது வந்து... ஒரு மாதிரி...

— குறியீடு.

— ஆங். குறியீடு.

— போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. ரொட்டிக்கடைக்காரன் ஏன் கலங்கரை விளக்குல இருக்கான்னு கேட்டா குறியீடு. கையில ஏன் எண்ணெய் டப்பா இருக்குன்னு கேட்டா குறியீடு. சரி, அந்த நாய்?

— எந்த நாய்?

— கதையில அதுவரைக்கும் நாயே கிடையாது. ஒரு பூனைகூடக் கிடையாது. கடைசி பாரத்துல குலைச்சுட்டு ஒரு நாய் படியிறங்கி ஓடுது. கீழ கதவு திறக்குது. பாத்தா, அவ வந்து நிக்கறா. கோட்டெல்லாம் நனைஞ்சிருக்கு. "வந்துட்டேன்"ங்கறா. கதை முடிஞ்சுடுது.

— நல்லாத்தானே இருக்கு.

— நல்லாத்தான் இருக்கு. நூலகத்துல மாசக் கடைசியில உக்காந்து பேசுவாங்களே, அங்க அந்த நாயைப் பத்தியே ஒரு மணி நேரம் பேசியிருக்காங்க. ஒரு வாத்தியார் அதுதான் அவனோட மனசாட்சின்னு அடிச்சுச் சொல்லிட்டாராம். இன்னொருத்தங்க, இல்ல, அது கடல்னாங்களாம். சண்டை வர்ற மாதிரி ஆயிடுச்சாம்.

— அடக் கடவுளே.

— ஒருத்தர்கூட இது தப்பா இருக்குமோன்னு கேக்கலை. ஏன்னு தெரியுமா?

— ஏன்?

— பிரெஞ்சுக் கதை. எதுவும் நடக்கலாம்னு விட்டுட்டாங்க.

— ...ஒரு விஷயம் சொல்லணும். கோபப்படாதே.

— அதுக்குத்தானே ஒரு வருஷமா காத்துட்டு இருக்கேன். சொல்லுங்க.

— அது வந்து... போன வருஷம் இதோட இன்னொண்ணும் வந்துச்சு. "கலங்கரையில் குளிர்காலம்". ரெண்டும் ஒரே பதிப்பகம், ஒரே அளவு, ஒரே எழுத்து. ரெண்டுக்கும் பதினேழு பாரம். பிரிச்சு மேஜையில வச்சிருந்தப்ப கடைசி பாரம் ரெண்டும் இடம் மாறிப்போச்சு.

— மாறிப்போச்சா?

— மாறிப்போச்சு. கைத்தவறு. நாப்பது ஆய்வேடு வேற குவிஞ்சு கிடந்துச்சா... நீயே பாத்தியே. அதனாலதானே உன்கூட வர முடியலை.

— இருபத்திரண்டு வருஷமா இந்த மேஜையில உக்காந்திருக்கீங்க. ஒரு பாரம் தலைகீழா போனது உண்டா?

— மனுஷன்தானே...

— நூத்தாண்டு பழசான பதிவேடு, எலி தின்னது, பக்க எண்ணே இல்லாதது. அதையே வரிசை தப்பாம தைச்சவரு. இது மட்டும் மாறிப்போச்சு.

— ஆமா.

— அப்ப இது என்ன? இருநூத்தி ஐம்பத்தேழாம் பக்கம். அடியில, ஓரத்துல.

— அது... பாரத்தோட அடையாளம். "மா.ஜ. 17". மாவு படிந்த ஜன்னல், பதினேழாவது பாரம். எந்த பாரம் எங்க போகணும்னு தைக்கறவனுக்காக அச்சடிச்சிருப்பாங்க.

— அச்சடிச்சதா? தடவிப் பாருங்க. கட்டை விரல்ல தட்டுப்படும். நகத்தளவு ஒட்டுத் தாள். அது மேல பொடி எழுத்துல மையில எழுதியிருக்கு. வெளிச்சத்துல பிடிச்சா அடியில "க.கு. 17"ன்னு பளிச்சுன்னு தெரியுது. தானா மாறிப்போன பாரம் தன் மேல தானே தாள் ஒட்டிக்குமா?

— எப்பப் பாத்தே?

— போன லீவுல. மூணாவது நாள் காலையில, கடல் பக்கத்து ஜன்னல்ல. உள்ள இருக்கறதை வெளிச்சத்துல வச்சுப் பாக்கறதுதானேங்க என் பொழைப்பு. எக்ஸ்ரேக்காரிகிட்டயே ஒட்டுத் தாளா?

— ஒரு வருஷமாத் தெரியும்... தெரிஞ்சுட்டேவா என்னைக் குறியீடு குறியீடுன்னு சொல்ல வச்சே?

— நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லலை. அதான் முடிவு பிரமாதம் பிரமாதம்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் முப்பத்தோரு பேரு.

— பாவி. அந்த முப்பத்தோரு பேரும் உன் வேலையா!

— பேச்சை மாத்தாதீங்க. ஏன் மாத்தித் தைச்சீங்க? சொல்லுங்க.

— உண்மையான முடிவு தெரியுமா உனக்கு?

— தெரியாது. அந்தப் பாரம் எங்க போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— அந்த ரொட்டிக்கடைக்காரன் ஒரு வாரம் கழிச்சு ஸ்டேஷனுக்குப் போறான். கையில ஒரு ரொட்டி. சூடா. துணியில சுத்தி வச்சிருக்கான். ரயில் வருது. எல்லாரும் இறங்கறாங்க. ஒரு கிழவர், ரெண்டு சிப்பாய், ஒரு அம்மாவும் குழந்தையும். எல்லாரும் போயிடறாங்க. ரயிலும் போயிடுது. அவ இறங்கலை. ரொட்டி ஆறிப்போச்சு. அவ்வளவுதான்.

— ஓ...

— நீ சாயங்காலம் கிளம்பணும். காலையில சட்டத்தைப் போட்டு உக்காந்தேன். முதல்ல கைக்கு வந்ததே இந்தப் பாரம்தான். படிச்சேன். ஊசியை வச்சுட்டேன். கை ஓடலை.

— கதைதானே. எத்தனை பேர் செத்ததை எல்லாம் கண்ணைச் சிமிட்டாம தைச்சிருக்கீங்க.

— கதைதான். ஆனா... அதுக்கு முந்தின நாள் வீட்டுச் சாவி தேடி உன் கைப்பையைத் திறந்தேன். நாலா மடிச்ச ஒரு கடுதாசி இருந்துச்சு. படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது. மூணு தடவை படிச்சேன்.

— அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக் கடுதாசி.

— ஆமா. ஸ்கேன் பிரிவுக்கு நீதான் தலைமை. மூணு வருஷம். தங்க இடமும் அவங்களே தர்றாங்க. ரயில்ல பதினாலு மணி நேரம்.

— கேக்க வேண்டியதுதானே?

— கேட்டா நீ பதில் சொல்லிடுவியே. பயந்துட்டேன்மா. அவ்வளவுதான். போகாதேன்னு சொல்ல வாய் வரலை. நல்ல வேலை. உனக்கு வர வேண்டியதுதான். போன்னு சொல்லவும் வாய் வரலை. நான் ஆய்வேட்டுக்கு அட்டை போட்டுட்டு இங்க கிடக்கறேன். நீ தனியாப் போறே, இந்தப் புத்தகத்தோட. ஒரு வாரம் கடலைப் பாத்துட்டு உக்காந்து, இதைப் படிச்சு, கடைசிப் பக்கத்துல அவ இறங்கலைன்னு வந்தா...

— நானும் இறங்க மாட்டேன்னு நினைச்சுட்டீங்க.

— சிரிக்காதே. அந்த நேரத்துல அப்படித்தான் தோணுச்சு. பக்கத்துல கலங்கரை புத்தகம் பிரிஞ்சு கிடந்துச்சு. அதுல அவ திரும்பி வந்துடறா. பேரே வராது, வெறும் "அவள்"தான். பக்க எண்ணும் ஒத்துப்போச்சு. எடுத்துத் தைச்சுட்டேன்.

— நூலகத்துப் புத்தகத்துல!

— அதை நினைச்சா எனக்கே வெக்கமாத்தான் இருக்கு.

— ஒரு நாயைக் குலைக்க விட்டு பொண்டாட்டியை ஊருக்கு வரவைக்கப் பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தாங்க.

— சிரி, சிரி. நீ கிளம்பின அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ வேற ரெண்டு தடவை என்னைத் தண்ணி பிடிக்க அனுப்பினே. முதல் பாட்டில் நிரம்பித்தான் இருந்துச்சு. என்னைத் தள்ளி அனுப்பிட்டு நீ தனியா அழறியோன்னு நினைச்சுட்டேன்.

— அதையும் கவனிச்சீங்களா?

— அந்த எட்டு நாளும் நான் ஒழுங்காத் தூங்கலை. நீ வர்ற அன்னைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நின்னேன்.

— தெரியும். கையில ரொட்டி வேற இருந்துச்சு.

— அது... கடைப்பக்கம் போனேன், வாங்கினேன்.

— துணியில சுத்தி! அசடு வழியுது, துடைங்க. சரி, அப்ப அந்தக் கலங்கரை புத்தகத்துல இப்ப என்ன இருக்கு?

— இந்த ஸ்டேஷன் பாரம்தான். கலங்கரைக் காவல்காரன் திடீர்னு ரொட்டியோட ரயிலுக்கு நிக்கறான்.

— அதை யாரும் கேக்கலையா?

— போன மாசம் தைச்ச புத்தகங்களை வாங்க வந்தப்ப கண்ணாடிக்காரம்மா சொன்னாங்க. ஒரு பெரியவர் வந்து, விளக்கு மேல இருந்தவன் கையில ரொட்டி எப்படி வந்துச்சுன்னு கேட்டாராம். பக்கத்துல இருந்தவர், ராத்திரி பூரா முழிச்சிருக்கான், பசிச்சிருக்கும்னு சொல்லிட்டாராம்.

— ஐயோ... போதும், வயிறு வலிக்குது. அந்தப் புத்தகம் எங்க?

— இதோ, அந்தக் கட்டுல அஞ்சாவது. ரெண்டையும் சேத்து சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னுதான் ஒண்ணை ஒளிச்சு வச்சேன். நீ நாளைக்குக் கிளம்பினதும்...

— நாளைக்கு நாம கிளம்பறோம். டிக்கெட் ரெண்டு. மறந்துட்டீங்களா? இன்னைக்கே பிரிச்சுத் தைங்க. யாரு எங்க இருக்கணுமோ அங்க இருக்கட்டும். நாய் கலங்கரைக்கு. ரொட்டி ஸ்டேஷனுக்கு. திரும்பி வந்ததும் கண்ணாடிக்காரம்மாகிட்ட நீங்களே சொல்லணும்.

— சொல்லிடறேன். அந்த வாத்தியாரை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு.

— அவருக்கு அந்த ரொட்டி இருக்கு. அதுக்கு ஒரு மணி நேரம் பேசுவாரு. லீவுக்கு இந்த ரெண்டும் போதும். கடல் பக்கத்துல ஆளுக்கு ஒண்ணு. நீங்களும் முதல் பாரத்துல இருந்து படிக்கணும்.

— முயற்சி பண்றேன். நீ... அந்த ஸ்டேஷன் முடிவைப் படிப்பியா?

— படிப்பேன். இந்தத் தடவை பக்கத்துல நீங்க இருப்பீங்களே.

— சரி... ஒண்ணு கேக்கட்டுமா?

— அதை ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருக்கலாம். கேளுங்க.

— அந்த வேலையை ஏன் வேணாம்னே?

— ஒரு கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து நாள் பூரா திரையைப் பாக்கற வேலைங்க அது. வர்றவங்க மூஞ்சியே தெரியாது. இங்க ஒரு நாளைக்கு அறுபது பேர் என் முன்னாடி பயந்துட்டு வந்து நிக்கறாங்க. தாடையை இங்க வைங்க, தோளை முன்னால தள்ளுங்க, மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்குங்க... அப்புறம் "மூச்சை விடலாம்"னு சொன்னதும் ஒரு முகம் மாறும் பாருங்க. எனக்கு அது வேணும்.

— அப்ப எனக்காக இல்ல?

— ஒரு ஓரமா நீங்களும் இருந்தீங்க.

— ஓரமா!

— சரி, நடுவுல. முறைக்காதீங்க, ஊசியைக் கையில வச்சுட்டு.

— எது எப்படியோ. அந்த நாய் குலைக்கலைன்னா நீ ஒரு தடவையாவது யோசிச்சிருப்பே. அதை மட்டும் ஒத்துக்க. நான் தைச்ச அந்தப் பாரம்தான் உன்னைத் திரும்ப வர வச்சுது.

— முதல் தடவை தண்ணி பிடிக்கப் போனீங்களே, அப்பதான் அந்தக் கடுதாசிக்கு "வரலை"ன்னு கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது தடவை போனப்ப, ஸ்டேஷன் தபால் பெட்டியில போட்டேன். உங்க புத்தகத்தை நான் பிரிச்சதே ரயில் கிளம்பினதுக்கு அப்புறம்தாங்க. ஒரு வருஷமாப் பிடிச்சு வச்சிருக்கீங்க... மூச்சை விடலாம் இப்ப.